எட்டு ஐந்தும் ஓர் ஒன்றும்

எட்டுப் பேர் ஐந்து போட்டிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் ஒன்று போட்டிருந்தார்.

அதுவும் ஏதோ ஒரு கேள்விக்கு அல்ல. "உங்கள் தலைவர் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா?" என்பதில் தொடங்கி, "இவரே தொடர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்பது வரை பத்துக் கேள்விக்கும் வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று.

மருத்துவமனையின் புள்ளியியல் பிரிவுப் பொறுப்புத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

அவர் மூன்று வருடமாகப் 'பொறுப்புத் தலைவர்'. தலைவர் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் 'பொறுப்பு' அவருக்குச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. பிரிவில் உள்ள ஒன்பது பேரும் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பொறுப்பு' என்றே அழைப்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவரை முழுத் தலைவராக்குவதா, இல்லை அடித்தளத்தில் உள்ள பழைய கோப்பு அறைக்கு அனுப்புவதா என்பதை இந்தக் கருத்துக்கணிப்பை வைத்து முடிவு செய்யப் போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். இப்போது நடந்தது முன்னோட்டம். இரண்டு வாரம் கழித்து அசல்.

தன்னைப் பற்றிய கருத்துக்கணிப்பைத் தானே அலசுவது முறையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டும் பயன் இல்லை. அந்தக் கட்டடத்தில் அலசத் தெரிந்தவர்கள் அந்த ஒரு பிரிவில்தான் இருந்தார்கள்.

தலைவரை வெளியே அனுப்பிவிட்டுப் படிவத்தை நிரப்ப வைத்து, வாங்கி, தட்டச்சு செய்து அனுப்பியது நிர்வாகப் பிரிவின் எழுத்தர் அம்மாள். மின்னஞ்சலில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் எண்கள். மற்றொன்றில் ஏதோ விளக்கம். எட்டு ஐந்தைப் பார்த்த சந்தோஷத்திலும் ஓர் ஒன்றைப் பார்த்த துக்கத்திலும் இவர் விளக்கத்தைத் திறக்கவே இல்லை. இத்தனைக்கும் அவர் நாற்காலிக்கு மேலே, 'குறியீட்டு விளக்கம் படிக்காமல் டேட்டாவைத் தொடாதே' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. எழுதி மாட்டியவர் அவரேதான். அதை மீறிய, பிரிவில் எதற்கும் எக்செல்லையே திறக்கும் எக்செல்காரரை ஒருமுறை எல்லோர் முன்னாலும் பலகையை மூன்று தரம் வாய்விட்டுப் படிக்க வைத்ததும் அவரேதான்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எட்டுப் பேருக்குப் பிடிச்சிருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றாள் மனைவி. அவள் மருந்தகத்தில் வேலை செய்பவள். எதையும் அளவோடு சொல்லுவாள்.

"அந்த ஒருத்தர் யாருன்னு தெரிய வேணாமா?"

"பேர் எழுதாம குடுத்ததுதானே? தெரியக் கூடாதுன்னுதானே பேர் எழுதல?"

"அதைச் சொன்னதே நான்தான். உங்க பேர் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுன்னு கூட்டம் போட்டுச் சொன்னேன்."

"அப்போ விட்டுடுங்க."

"எப்படி விடுறது? பத்துக்குப் பத்தும் ஒண்ணு! சரி, நீ எனக்கு எத்தனை போடுவ?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டே யோசித்தாள். "மூணு."

"மூணா? முப்பது வருஷத்துக்கு அப்புறம் மூணா?"

"எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவுல வரும். சண்டை வராது."

மறுநாள் காலையில் அவர் ஒரு முடிவோடு அலுவலகம் போனார். ஒன்று போட்டவர் பைத்தான்காரராகத்தான் இருக்க வேண்டும். பிரிவில் அநேகமாக எல்லோரும் ஆர் என்ற கணினி மொழியில் எண்களை அலசிக்கொண்டிருந்தபோது, பைத்தான் என்ற வேறொரு மொழியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். ஆர் வரிசையை ஒன்றிலிருந்து எண்ணும், பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இந்த விஷயத்தில் போன மாதம் இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, "உங்க வீட்ல பூஜ்யமாவது பிள்ளைன்னு சொல்லுவீங்களா தம்பி?" என்று இவர் கேட்டுவிட்டார். அதற்குத்தான் பழி தீர்த்திருக்கிறார்.

பகையை அன்பால் வெல்ல வேண்டும் என்று முடிவு செய்து, அறையில் இருந்த ஒரே ஜன்னலோர மேசையைப் பைத்தான்காரருக்குக் கொடுத்தார். அந்த மேசையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவள் ஆர் எழுதுவதில் பெயர் பெற்ற பெண். வயதில் சின்னவர்கள் அவளை அக்கா என்பார்கள். ஜன்னல் திட்டில் ஒரு சின்னச் செடி வைத்திருந்தாள்.

"பிரின்டர் பக்கத்துல ஒரு மேசை காலியா இருக்குல்ல, அங்க போயிடும்மா" என்றார்.

"சரி சார். ஏதாவது காரணம் இருக்கும்" என்று செடியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வழியில், "முட்டி வலி இப்போ எப்படி இருக்கு சார்?" என்று வேறு கேட்டாள்.

பைத்தான்காரருக்கு ஜன்னல் பிடிக்கவில்லை. "வெயில் நேரா திரையில அடிக்குது சார். ஒண்ணுமே தெரியல. நான் அந்த மூலையிலதான் நிம்மதியா இருந்தேன்."

"பழகிடும் தம்பி. உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு இப்போ தெரியுதா?"

"வெயில்தான் சார் தெரியுது."

இரண்டு நாளில் பைத்தான்காரர் திரைக்கு மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் தலையை விட்டு வேலை செய்யத் தொடங்கினார். அந்த வழியாகப் போன நோயாளிகள் இதுவும் ஏதோ சிகிச்சை போலிருக்கிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பொறுப்புக்கு மனம் ஆறவில்லை. உண்மையிலேயே அது இவர்தானா? தவறான ஆளிடம் அன்பு காட்டி வீணடிக்கிறோமா? படிவத்தில் பெயர் இல்லையே தவிர ஆணா பெண்ணா, வயது, சேவைக்காலம், அதிகம் பயன்படுத்தும் மென்பொருள் என்று நான்கு விவரங்கள் இருந்தன. ஒன்பது பேரை நான்கு விவரத்தால் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆள்தான் மிஞ்சுவார். இப்படிப் பிரித்து ஆளைக் கண்டுபிடிப்பது தொழில் தர்மம் அல்ல என்று வருடா வருடம் புதிதாகச் சேருபவர்களுக்கு அவரே வகுப்பெடுத்திருக்கிறார்.

கதவைச் சாத்திக்கொண்டார். ஆரைத் திறந்து ஒரு வரி தட்டினார். அவசரத்தில் ஓர் எழுத்து தவறியது. நீ சொல்லும் பொருள் கிடைக்கவில்லை என்று சிவப்பில் பதில் வந்தது. அடைப்புக்குறியை மூட மறந்து மறுபடி தட்டினார். அவர் மேலும் ஏதோ சொல்லப் போகிறார் என்று ஆர் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை அட்டவணை விழுந்தது.

பெண். வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். சேவை எட்டு வருடம். மென்பொருள், ஆர்.

செடிக்காரி!

பைத்தான்காரர் என்றால் கூடத் தாங்கியிருப்பார். இவளா? சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்கியவனின் கதையை வாரா வாரம் அவர் சொல்லும்போது, சிரிக்கிற ஒரே ஆள் இவள்தானே? கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவர் தேடும்போது எடுத்துக் கொடுப்பவள் இவள்தானே? மற்ற எட்டுப் பேரும் அவரைக் கண்டால் மரியாதையாக எழுந்து அறையை விட்டே போய்விடுவார்கள். இவள் மட்டும்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அத்தனையும் நடிப்பு. முட்டி வலி விசாரித்தது குற்ற உணர்ச்சி. எட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே ஒன்று போடுகிற மனசு! அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேசை மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

பிறகு எழுந்தார். பத்து நாள் இருக்கிறது. இந்த ஒன்றை ஐந்தாக்காமல் விடுவதில்லை.

முதல் வேலையாக ஜன்னலை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பைத்தான்காரரின் பழைய மூலையில் அதற்குள் எக்செல்காரர் குடியேறியிருந்ததால், பைத்தான்காரர் அட்டைப் பெட்டியோடு பிரின்டர் பக்கத்துக்குப் போனார்.

"உங்களுக்கு இங்க என்னம்மா குறை?" என்று கேட்டார் அவளிடம்.

"ஒரு குறையும் இல்ல சார்."

"தைரியமா சொல்லுங்க."

"நிஜமாவே இல்ல சார்."

மறுநாள் காலையிலும் கேட்டார். மத்தியானமும் கேட்டார். நான்காம் நாள், ஏதாவது சொன்னால் விட்டுவிடுவார் என்று எண்ணி, "விசைப்பலகைல ஒரு எழுத்து கொஞ்சம் மக்கர் பண்ணுது சார்" என்றாள். ஒரு மணி நேரத்தில் அவளுடைய கணினியையே மாற்றி வேறொன்று கொண்டு வந்து வைத்தார்கள். அதில் ஆர் இல்லை. ஆரை ஏற்றி, அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பதற்குள் இரண்டு நாள் போனது.

குறையைத் தீர்த்தாயிற்று, அடுத்தது பாராட்டு. பிரிவுக் கூட்டத்தில் அவள் எழுதிய கணினி நிரல் ஒன்றைப் பெரிய திரையில் போட்டு, முந்நூற்று நாற்பது வரியையும் வரி வரியாகப் படித்தார்.

"இந்த அடைப்புக்குறியைப் பாருங்க. திறந்த இடம் தெரியுது, மூடின இடம் தெரியுது. உங்கள்ல யாருக்காவது இந்த ஒழுங்கு உண்டா?"

அடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் தனியாகச் செடிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாலையில் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒரு விண்ணப்பம். தயவு செஞ்சு இனிமே என்னைப் பாராட்டாதீங்க."

"ஏம்மா?"

"எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க சார்."

பாராட்டைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு வெறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். மருந்தைக் கூட்ட வேண்டியதுதான். பழைய மென்பொருளில் கிடக்கும் நூற்றுப் பன்னிரண்டு நிரல்களை ஆருக்கு மாற்றும் வேலை பல வருடமாகக் காத்திருந்தது. யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் ஓடி ஒளிந்த வேலை. அதை அவள் பெயரில் எழுதி, சுற்றறிக்கையாக ஒட்டினார்.

"சார், வியாழக்கிழமை நான் லீவு சொல்லியிருந்தேனே. பொண்ணுக்கு நீச்சல் போட்டி. முதல் தடவையா பெரிய குளத்துல இறங்கறா."

"லீவை ரத்து பண்ணிட்டேன்மா. இந்தக் கௌரவத்தை வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல."

"சரி சார்" என்றாள். அன்றைக்கு முட்டி வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அசல் கருத்துக்கணிப்பு. அவள் முகத்தில் ஒரு சிரிப்பைக்கூட அவர் ஐந்து நாளாகப் பார்க்கவில்லை. கடைசியாக ஒன்று செய்துவிடுவது என்று தீர்மானித்தார். பெரிதாக எதுவும் வேண்டாம், மனசிலிருந்து வரும் சின்ன விஷயமாக இருக்கட்டும். புள்ளியியல்காரர் புள்ளியியல்காரிக்கு எப்படி நன்றி சொல்லுவார்? நிரல் எழுதித்தான்.

பதினோரு மணிக்குக் கூட்டம் என்று எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டு, "நீங்க ஆரம்பிங்க, இதோ வந்துட்டேன்" என்று தான் மட்டும் பின்தங்கினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஆர் திறந்தே இருந்தது. நன்றி என்ற சொல் ஐந்து முறை ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் வருவதற்கு ஒரு குட்டி நிரல் எழுதினார். ஐந்து முறை என்பது ஒரு குறிப்பு. புரிந்துகொள்வாள்.

எந்த நிரல் எழுதினாலும் முதல் வரியாக, நினைவகத்தில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடு என்ற கட்டளையை எழுதுவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். சுத்தமான பலகையில்தான் எழுதத் தொடங்க வேண்டும் என்பார். கை தானாக அந்த வரியை எழுதியது. ஓட்டினார். ஐந்து நன்றிகளும் அழகாக வந்து நின்றன.

கூட்டம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். வெகு நேரம் அசையவில்லை. அவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தார்.

பிறகு அவளே எழுந்து வந்தாள்.

"சார், என் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தது நீங்களா?"

"பிடிச்சிருந்துச்சாம்மா?"

"திங்கட்கிழமையிலிருந்து ஒரு கணிப்பு மாடல் ஓடிட்டிருந்தது சார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு. இன்னைக்குக் காலையிலதான் முடிஞ்சுது. சேமிக்கப் போறதுக்குள்ள நீங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டுட்டீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நன்றின்னு வந்திருக்கு சார்."

நாலு நாள் கணக்கு! பெண்ணின் நீச்சலைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தவளின் நாலு நாள்! "மறுபடி ஓட்டிக்கலாம்மா" என்று சொல்லப் போனார். அவள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் போய், செடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு அவர் மனைவியிடம், "எல்லாம் போச்சு. ஒண்ணுக்குக் கீழ இருந்தா அதையும் போடுவா" என்றார்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"நாளைக்குக் கருத்துக்கணிப்பு. இன்னைக்கு மன்னிப்புக் கேட்டா ஐஸ் வைக்கறதா நினைச்சுக்குவா."

"இத்தனை நாளா வேற என்ன பண்ணிட்டிருந்தீங்களாம்?" என்று அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுத்தர் அம்மாள் படிவக் கட்டோடு வந்து, வழக்கம்போல் அவரை வெளியே அனுப்பினார். அவர் நடைபாதையில், இரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் போய் உட்கார்ந்தார். "உங்களுக்கு என்னங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "மூணு வருஷமா பொறுப்புங்க" என்றார். கேட்டவர் அனுதாபத்தோடு தலையாட்டினார். அடித்தளத்துக் கோப்பு அறை அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஜன்னல் இல்லாத அறை. ஓய்வு பெறும்வரை அங்கேதான். தன்னால்தான், தன் கையால்தான் எல்லாம் கெட்டது என்று முதல்முறையாக அவருக்கு உறைத்தது.

மத்தியானம் கோப்பு வந்தது. இந்தத் தடவையும் இரண்டு கோப்புகள். எண்கள் இருந்ததை மட்டும் திறந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதால் மேலிருந்து கீழே பார்த்தார்.

ஐந்து. ஐந்து. ஐந்து. ஒன்பது வரி, பத்துப் பத்தி, தொண்ணூறு எண்களும் ஐந்து.

அவர் சராசரியைக் கேட்டார், ஆர் ஐந்து என்றது. இடைநிலையைக் கேட்டார், ஐந்து. எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கேட்டார், பூஜ்யம். அவர் தொழிலில் இருந்த இருபத்தாறு வருடத்தில் மனிதர்களைப் பற்றிய எந்த டேட்டாவிலும் பூஜ்ய விலக்கத்தைக் கண்டதில்லை. அவள் மன்னித்துவிட்டாள். எத்தனை பெரிய மனசு! இவளைப் போய் நடிக்கிறாள் என்று நினைத்தோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதே உட்கார்ந்து இயக்குநருக்கு எழுதினார். 'பிரிவின் ஒன்பது பேரும் என்னைப் பற்றிய பத்துக் கேள்விகளுக்கும் ஒருமனதாக ஐந்து அளித்துள்ளனர். என் பணியைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல ஏதுமில்லை. தங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்.'

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'இவ்வளவு வெளிப்படையாக இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. உங்கள் நேர்மையை மதிக்கிறேன். இன்றே ஆணை பிறப்பிக்கிறேன்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். மனைவிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். பிறகு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு, முட்டி வலியையும் மறந்து, இரண்டு மாடி ஏறி நிர்வாகப் பிரிவுக்குப் போனார்.

"அம்மா, இதுல உங்க முத்திரை ஒண்ணு வேணும்."

எழுத்தர் அம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் மாதிரி ஆனது. முத்திரையை எடுக்காமல், உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார்.

"என்னம்மா, நம்ப முடியலையா? ஒன்பது பேரும் அஞ்சு!"

"நான்தானே சார் டைப் அடிச்சேன்" என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி. "பள்ளிக்கூட ரேங்க் மாதிரி ஒண்ணுன்னா முதல், அஞ்சுன்னா கடைசின்னு படிவத்துலயும் விளக்கத்துலயும் எழுதித்தானே அனுப்புறேன், போன தடவை உங்களுக்கு ஒண்ணு போட ஒருத்தராவது இருந்தாங்களே சார், அவங்கள என்ன பண்ணீங்க?"